கச்சேரிச் சுவரில் வரும் சட்டம்

ஒக்டோபர் பிறந்தால் புல்மோட்டையில் துவக்குக்காரனுக்கு இரண்டு வேலை ஒன்றாக வந்து சேரும். மழையைப் பார்த்துப் பெரும்போகத்துக்கு விதைக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான லைசன்ஸையும் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சு அதற்கு ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் 31 வரை காலம் கொடுக்கிறது. இந்த மூன்று மாதத்துக்கும் தேநீர்க் கடைகளில் ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கும். புதுச் சட்டம் வருதாம், துவக்கையெல்லாம் எடுக்கப் போறாங்களாம்.

என் மருமகனும் அந்தக் கதையோடுதான் வந்தான். கட்டாரில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, வாப்பாவின் வயலைக் கையில் எடுத்திருக்கிறான். வாப்பாவின் ஒற்றைக் குழல் 12 போர் துவக்கும் வீட்டில் இருக்கிறது. "மாமா, பாராளுமன்றத்தில என்னவோ சட்டமூலம் போடப் போறாங்களாம். அத எங்க போய்ப் பாக்கிற?" என்றான். ரெண்டு பிளேன்டி சொல்லிட்டு வந்து இரு, இது நின்றுகொண்டு கேட்கிற விஷயமில்லை என்றேன். அன்று அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நானும் லைசன்ஸ் வைத்திருப்பவன்தான். பக்கம் சாராதவன் பேச்சு என்று யாரும் இதை வாசிக்க வேண்டாம்.

முதலில் இருக்கிற சட்டம். அது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, நூறு வயதைத் தாண்டிவிட்டது, இன்றும் அதுதான் அடிப்படை. அதன் 22ஆம் பிரிவை ஒரு வரியில் சொன்னால், லைசன்ஸ் இல்லாமல் துவக்கை வைத்திருக்கவும் முடியாது, பாவிக்கவும் முடியாது. பொலிஸார் வழக்குப் போடும்போது பெரும்பாலும் காட்டுகிற பிரிவு இதுதான். இடையிடையே திருத்தங்கள் வந்தன. அவற்றில் துவக்குக்காரன் தெரிந்திருக்க வேண்டியது 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். போர் உச்சத்தில் இருந்த காலத்தில் தண்டனைகளை அது ஏற்றியது. ரி-56 வைத்திருந்தவருக்கு மேல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதற்குப் பின்னால் நிற்பது இந்தத் திருத்தம்.

லைசன்ஸ் எல்லாம் ஒரே வகை இல்லை. உயிர்ப் பாதுகாப்புக்கு என்று பிஸ்டலோ ரிவோல்வரோ கேட்டால் அதைப் பாதுகாப்பு அமைச்சு பார்க்கும். பயிரைக் காக்கச் சொட்கன் கேட்டால் மாவட்டச் செயலகம், அதாவது நாம் இன்னும் கச்சேரி என்றே சொல்லும் திருகோணமலைக் கட்டடம். கிராம சேவகரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, காணி இருப்பதற்கு அத்தாட்சி, குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் பரிந்துரை எல்லாம் சேர்ந்து கோப்பு அங்கே போகும். தோட்டா வாங்குவதற்கும் அனுமதி வேண்டும். நம் பக்கத்தில் சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்களில் அநேகர் இந்த இரண்டாம் வகை. அரசாங்கம் "துப்பாக்கி" என்று ஒரு அறிவித்தல் விட்டால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த வகையைச் சொல்கிறது என்பது. வதந்தியில் இந்த வேறுபாடு முதலிலேயே தொலைந்துபோகும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் உரிமை என்கிறது. ஐம்பது மாநிலங்களும் தங்கள் தங்கள் சட்டசபையில் துப்பாக்கிச் சட்டம் போடுகின்றன. அங்கே ஒரு துவக்குக்காரன் தன் மாநிலத்தில் எந்த மசோதா எந்தக் குழுவில் கிடக்கிறது என்று கூட்டத்தொடர் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதற்கென்றே சங்கங்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. நம் அரசியலமைப்பில் துவக்குக்கு எந்த உரிமையும் கிடையாது. மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்றும் இல்லை, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். கிழக்கு மாகாண சபையே 2017இல் காலம் முடிந்து கலைந்தது. அது ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். நம் கையில் இருப்பது ஓர் அனுமதிச் சீட்டு, ஒரு வருடத்துக்கு. எனக்கு அதில் குறை இல்லை. போர் தொடங்கிய நாட்களை நினைவுள்ளவர்களுக்கு அந்தச் சீட்டின் அருமை தெரியும். அன்று வடக்கு கிழக்கில் லைசன்ஸ் துவக்குகளை அரசாங்கமும் வாங்கிக்கொண்டது, இயக்கங்களும் வீடு வீடாய்ப் போய் வாங்கிக்கொண்டன. பிறகு 1990இல் அதே அரசாங்கம் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை என்று இளைஞர்களைச் சேர்த்துச் சொட்கன் கொடுத்தது. துவக்கு வருவதும் போவதும் நம் விருப்பத்தில் இருந்ததே இல்லை.

அனுமதிதான் என்றாலும், அது எப்போது எப்படி மாறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் நியாயம் நமக்கு உண்டு. இங்கேதான் மருமகன் கேட்ட கேள்வியில் ஒரு கோணல் இருந்தது. அவன் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளத்துத் தண்ணீர் பெரிய மதகால் மட்டுமா வயலுக்கு வருகிறது? கரையில் ஒரு நண்டு வளை போதும். துவக்குச் சட்டம் பாராளுமன்றம் வழியாக மாறியது நூறு வருடத்தில் மிகச் சில தடவை. துவக்குக்காரனின் வாழ்க்கையை மாற்றியவற்றில் பெரும்பங்கு அமைச்சின் கட்டளையாகவும், சுற்றுநிருபமாகவும், வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதியாகவும், அவசரகால விதியாகவும் வந்தது.

2024ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுத்த எல்லாத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களோடு நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம், வெலிசறையில் கடற்படையின் கீழ் இயங்கும் வணிக வெடிபொருள், துப்பாக்கி, தோட்டா கொள்வனவுப் பிரிவு. யாருக்கு உண்மையில் தேவை என்று மீளாய்வு செய்து, தேவையானவர்களுக்குத் திருப்பித் தருவோம் என்றார்கள். காலக்கெடுவைப் பிறகு நீட்டினார்கள். நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களுக்கு அண்மைக் காலத்தில் வந்த பெரிய மாற்றம் அது. அதற்காக ஒரு சட்டமூலமும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அன்று கூடுவதற்குப் பாராளுமன்றமே இல்லை. செப்டெம்பர் 24ஆம் திகதி அதைக் கலைத்துவிட்டார்கள், பொதுத் தேர்தல் நவம்பர் 14ஆம் திகதி. அந்த இடைவெளியில், வேட்பாளர்கள் வீடு வீடாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு அமைச்சு அறிவித்தலே போதுமாக இருந்தது.

அந்த அறிவித்தல் தவறென்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதிகளும் அவர்களைச் சுற்றி நின்றவர்களும் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி வாங்கிய பிஸ்டல்கள் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அறிவித்தலின் வாசகம் தனிப்பட்ட பாதுகாப்பு ஆயுதம் என்றுதான் இருந்தது. ஆனால் அது கைபேசியில் இரண்டு தடவை கைமாறியதும் "எல்லாத் துவக்கும்" என்று ஆகிவிடும். நவம்பர் நமக்கு நாற்று வளர்கிற மாதம். யான் ஓயாப் பக்கத்துக் காட்டிலிருந்து பன்றி இறங்குகிற மாதமும் அதுதான். பன்றியைச் சுட்டாலும் நமக்கு இறைச்சியாகாது. வேட்டை ஆசையில் நாம் துவக்குத் தூக்குகிறோம் என்று நினைக்கிற கொழும்புக்காரருக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். அந்த மாதத்தில் வதந்தியை நம்பித் துவக்கைக் கொண்டுபோய் எங்காவது கொடுத்துவிட்டு வந்தவனுக்கு மாசியில் அறுக்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு வழி அவசரகாலம். 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தால், அவர் ஆக்கும் விதிகள் சாதாரணச் சட்டங்களுக்கு மேலே நிற்கும், அரசியலமைப்பைத் தவிர. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது வந்தது. ஓகஸ்ட் வரை மாதத்துக்கு மாதம் நீடித்தது. அந்த மே மாதத்தில் வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். முஸ்லிம் வீடுகளில் தேடுதல் நடந்த விதத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காடு வெட்டும் கத்தியும் கேள்விக்குள்ளான அந்த நாட்களில் லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவன் தாள்களைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். ஆகவே அவசரகாலம் என்று வானொலியில் கேட்டால், துவக்குக்காரன் அன்றே வர்த்தமானியை எடுத்துப் பார்ப்பது நல்லது. விதிகள் அதில் தமிழிலும் வரும்.

மருமகன் இந்த இடத்தில் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பாராளுமன்றத்தப் பாக்கத் தேவையே இல்லையா மாமா?" என்றான்.

தேவைதான். அங்கே வருகிற மாற்றம் அரிது. ஆனால் வந்தால் திரும்பிப் போகாது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களில் பலருக்கும் இது தெரியாது. இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறிப் பத்து வருடம் கழித்தும், அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிமன்றத்துக்குப் போகலாம். இலங்கையில் முடியாது. சபாநாயகர் சான்றுரையில் கையெழுத்து வைத்த பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் வலிதைக் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை சொல்கிறது. எதிர்ப்பதற்கு இருக்கும் ஒரே வாசல், சட்டமூலம் இன்னும் சட்டமூலமாக இருக்கும்போதே. 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். ஆனால் அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து எண்ணுகிற காலக்கெடு, வாரக் கணக்குத்தான். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லிவிட வேண்டும். புல்மோட்டையிலிருந்து கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பதற்கே ஒரு வாரம் போகும்.

அதனால் பார்க்க ஆரம்பிக்க வேண்டிய இடம் பாராளுமன்றத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. ஒரு சட்டமூலம் திடீரென்று குதிப்பதில்லை. முதலில் அமைச்சர் ஒருவர் அமைச்சரவைக்குப் பத்திரம் கொடுக்கிறார். அமைச்சரவைத் தீர்மானங்களை வாராவாரம் மூன்று மொழியிலும் வெளியிடுகிறார்கள்; "சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தைத் திருத்துவதற்குச் சட்ட வரைஞருக்கு ஆலோசனை வழங்குதல்" என்ற மாதிரி ஒரு வரி அங்கே தலைகாட்டினால் அதுதான் முதல் அறிகுறி. அதற்குப் பிறகு சட்ட வரைஞர் எழுதி, சட்டமா அதிபர் பார்த்து, அமைச்சரவைக்குத் திரும்பி வந்து, வர்த்தமானியில் ஏறுவதற்கு மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும். பாதியிலே படுத்துவிடுவதும் உண்டு. தேநீர்க் கடையில் "சட்டம் வந்திட்டு" என்று சொல்கிறவன் பெரும்பாலும் இந்த முதல் வரியைத்தான் எங்கோ கேட்டிருப்பான்.

வர்த்தமானியின் குறைநிரப்பியாகச் சட்டமூலம் அச்சாகும்போது மொழி கடினமாக இருக்கும். "பிரிவு இன்னதில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுவதன் மூலம்" என்று போகும்; மூலச் சட்டம் கையில் இல்லாமல் ஒன்றும் விளங்காது. ஆனால் திருத்தச் சட்டமூலங்களில் ஒவ்வொரு வாசகத்துக்கும் அதன் சட்ட விளைவு என்ன என்று சிறு கூற்று ஒன்றும் அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அடுத்தது, எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்ற வாசகம். அடுத்தது, அமைச்சருக்கு "ஒழுங்குவிதிகள் ஆக்கலாம்" என்று எங்கெங்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பது. இந்தக் கடைசி வாசகம்தான் எனக்குச் சட்டமூலத்தின் உயிர்நாடி. எத்தனை தோட்டா, என்ன கட்டணம், என்ன மருத்துவச் சான்றிதழ், வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதெல்லாம் சட்டத்தில் இருக்காது. அது பிறகு விதியாக வரும், நம் கதவைத் தட்டுவதும் அதுதான்.

வர்த்தமானியில் வந்ததைப் பின்வாங்க வைக்க முடியாது என்று யாரும் மனம் தளர வேண்டாம். 2023 மார்ச்சில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை அப்படியே வைத்துவிட்டுச் செப்டெம்பரில் திருத்திய வடிவில் மறுபடி வெளியிட்டார்கள். அதேநேரம், மனுக் காலம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்றும் இருந்துவிட முடியாது. இங்கேதான் மாகாண சபைக் கதை வருகிறது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டுவதற்காக வந்தது. குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகி, முழுத் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். உயர் நீதிமன்றம் பார்த்தது ஒன்று, நிறைவேறியது இன்னொன்று. அந்தப் புது முறையின் எல்லை நிர்ணயம் ஒப்பேறாமல் தேர்தல் நின்றது. நம் மாகாண சபையின் கதவு அப்படித்தான் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. துவக்குச் சட்டமூலம் ஒன்று வந்தாலும் குழுநிலை முடியும்வரை எவனும் தூங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களால் ஒரு வரி மாறியதற்கும் உதாரணம் உண்டு, அது பாக்குநீரிணைக்கு அப்பால். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை அனுமதித்தது. 2019 இறுதியில் வந்த திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்கப் பார்த்தது. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்களும், சுடும் போட்டிக்காரர்களும், அவர்களுக்காகப் பேசிய எம்.பி.க்களும் கிளம்பினார்கள். நிறைவேறும்போது அது இரண்டு ஆகியிருந்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருடம் கொடுத்தார்கள். லைசன்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியதும் அதே திருத்தத்தில்தான். கர்நாடகத்துக் குடகில் கொடவர்களுக்கு லைசன்ஸே வேண்டாம் என்ற பழைய விலக்கு ஒன்றும் இருக்கிறது. அது மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றில் தொங்குகிறது, 2019இல் பத்து வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்: 2020 மே 1ஆம் திகதி சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகளை ஒரே நாளில் தடைசெய்தது பாராளுமன்றச் சட்டம் அல்ல, அமைச்சரவை ஆணை. பணக்கார நாடென்றாலும் துவக்கு விஷயத்தில் அரசாங்கங்களுக்குப் பிடித்த வழி இதுதான் போலும்.

இப்போது கொஞ்சம் நம்மைப் பற்றியே பேச வேண்டும். ஏன் கடும் சட்டம் கேட்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளே பாதாள உலகக் குழுத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டார்கள். சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களை வெட்டி அதற்குள் ரிவோல்வரை வைத்துக் கொண்டுவந்தார்கள். நாடு பதறியது, பதறத்தான் வேண்டும். அது எந்தக் கமக்காரனின் சொட்கனும் அல்ல என்று நாம் சொல்லலாம், அது உண்மை. ஆனால் காட்டோரத்தில் கட்டுத் துவக்கு கட்டி வைப்பவன் யார்? கம்பியில் கால் இடறினால் பன்றி, யானை, விறகுக்குப் போன மனிதன் என்று அது பார்ப்பதில்லை. கொல்லன் பட்டறையில் செய்த இடியன் துவக்கை வாழைத் தோட்டத்தில் ஒளித்து வைத்திருப்பவன் யார்? 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்தன, நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் செத்தார்கள். யானைச் சாவுக்கான காரணங்களில் துவக்குச் சூடு முன்வரிசையில் நிற்கிறது. யானை வெடிக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் அலைந்து சலித்தவன் கடைசியில் ஈயக் குண்டு போடுகிறான், காயத்தோடு போன யானை முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வருகிறது. சட்டப்படி நிற்கிறவன் இந்தக் கட்டுத் துவக்கையும் இடியனையும் தன் பக்கத்து ஆட்கள் என்று மூடி மறைத்தால், நாளைக்கு வரும் கட்டளையில் அவனுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இருக்காது. பொது மன்னிப்புக் காலங்கள் அவ்வப்போது வருகின்றன, 2020 பெப்ரவரியில் ஒரு வாரம் வந்தது. அப்படி ஒன்று வந்தால் ஒளித்து வைத்திருப்பதைக் கொடுத்துவிடச் சொல்லி ஊரில் சொல்கிற முதல் ஆள் துவக்குக்காரனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மருமகனின் சொந்த விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதுச் சட்டத்துக்குப் பயந்துகொண்டிருந்த அவன் பழைய சட்டத்தின் வாயிலேயே நின்றுகொண்டிருந்தான். லைசன்ஸ் ஆளுக்கு. வயல் வாரிசுக்கு வரலாம், வீடு வரலாம், லைசன்ஸ் வராது. வாப்பா மௌத்தானதும் அந்தத் துவக்கு வீட்டுக் கூரையில் சும்மா கிடந்தாலும், அதை வைத்திருப்பவன் லைசன்ஸ் இல்லாதவன். பொலிஸிலோ கச்சேரி சொல்கிற இடத்திலோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மரணச் சான்றிதழ், பழைய லைசன்ஸ் புத்தகம், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கையில் இருந்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். "நாளைக்குப் போறன் மாமா" என்றான். நாளைக்கில்லை, இந்தப் பிளேன்டி முடிந்ததும் போ என்றேன்.

காணி அத்தாட்சி என்று மேலே சொன்னேன் அல்லவா, புல்மோட்டைக்காரன் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அங்கே இருக்கிறது. வர்த்தமானி என்றால் என்ன என்று இந்த ஊருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வனப் பரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக் கல், தொல்லியல் திணைக்களத்தின் பலகை, அரிசிமலைக் காணியைச் சுற்றிய இழுபறி, 2020 ஜூனில் கிழக்குக்கென்று ஜனாதிபதி அமைத்த தொல்லியல் செயலணி, ஒரு பக்கம் கனிய மணல் நிறுவனத்தின் வேலி, எல்லாம் கண்ட ஊர். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கின் நியாயம் பயிர். பயிரின் நியாயம் காணி. உங்கள் அனுமதிப்பத்திரக் காணி நாளைக்கு ஒரு வரைபடத்தில் காடாகிவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் உத்தியோகத்தர் கேட்கப் போகும் கேள்வியை இன்றைக்கே யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி என்ற சொல்லே இல்லாத வர்த்தமானியும் துவக்கைக் கொண்டுபோகும். காணி தொடர்பான அறிவித்தல்களில் ஆட்சேபம் தெரிவிக்கத் திகதி போட்டிருந்தால், அந்தத் திகதியைக் கலண்டரில் லைசன்ஸ் திகதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் ஒருவன் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன, கமநல சேவை நிலையத்தில் கூட்டம் நடக்கிறது, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எம்.பி.மார் வருகிறார்கள். அங்கே உரமானியத்தையும் வாய்க்காலையும் மட்டும் பேசிவிட்டு எழும்பாமல், பயிர்ச் சேதத்தோடு துவக்கு விஷயத்தையும் ஒரு வரி பதிவு செய்யச் சொல்லுங்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கக் குரங்கு, மயில், மரஅணில் எண்ணச் சொன்ன அரசாங்கம் இது. ஐந்து நிமிடத்தில் குரங்கை எண்ணக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, பெரும்போகத்தில் பன்றி அழித்த ஏக்கர் கணக்கைக் கேட்கவும் நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

சுற்றுநிருபம் கண்ணில் படாது என்பதுதான் பெரிய சிக்கல். வர்த்தமானியை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், தமிழ்ப் பிரதி சில வேளை பிந்தும், அவ்வளவுதான். அமைச்சிலிருந்து மாவட்டச் செயலாளருக்குப் போகும் கடிதத்தை யார் காட்டுவார்? இதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கச்சேரியில் அதற்கென்று தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் பற்றி நடைமுறையில் இருக்கும் சுற்றுநிருபங்களின் பிரதியும், புதுப்பித்தலுக்குக் கேட்கும் ஆவணங்களின் பட்டியலும் வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று சிலதை மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. யாரிடம் எத்தனை துவக்கு என்று கேட்டால் மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். என்னிடம் என்ன தாள் கேட்பீர்கள் என்று கேட்டால் மறுக்க நியாயம் இல்லை. மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு. விண்ணப்பத்தை ஓகஸ்டில் கொடுத்தால் ஒக்டோபருக்கு முன் பதில் கையில் இருக்கும்.